கிளட்ச் பிடித்தால்தான் கியர்

நடுவர் அய்யாவுக்கும் கிருஷ்ணகிரி மக்களுக்கும் வணக்கம். ஆட்டோமேடிக் கியர்பாக்ஸில் பெரிய வேலை பார்ப்பது பிளானட்டரி கியரா, கிளட்சா என்பதுதான் தலைப்பு. நான் கிளட்ச் பக்கம்.

எதிரணி அண்ணன் கணக்கை அழகாகப் போட்டார். நடுவில் 30 பல் சன் கியர், அதைச் சுற்றி 15 பல் பிளானட் கியர்கள், வெளியே 60 பல் ரிங் கியர். ரிங்கை நிறுத்திவிட்டு சன்னைச் சுற்றினால், பிளானட் கியர்களைத் தாங்கும் சட்டமான கேரியர், மூன்று சுற்றுக்கு ஒரு சுற்று என்று மெதுவாக, பலமாக வரும். சன்னை நிறுத்தி ரிங்கைச் சுற்றினால் ஒன்றரைக்கு ஒன்று. கேரியரை நிறுத்தினால் ரிவர்ஸ். ஏதாவது இரண்டைச் சேர்த்துக் கட்டினால் மொத்தமும் ஒரே கட்டையாகச் சுற்றும். கணக்கில் ஒரு பல்கூடத் தப்பில்லை. ஆனால் வரிக்கு வரி "நிறுத்தினால்", "கட்டினால்" என்றீர்களே அண்ணா, நிறுத்துவது யார், கட்டுவது யார்? யாரும் பிடிக்காமல் விட்டால் சன் சுற்றும், ரிங் எதிர்ப்பக்கம் சுற்றும், கேரியர் அப்படியே நிற்கும், வண்டி ஒரு அடி நகராது. அதற்குப் பெயர் நியூட்ரல்.

பிடிக்கிறது கிளட்ச். உராய்வுப் பட்டை ஒட்டிய பிளேட் ஒன்று, வழவழப்பான ஸ்டீல் பிளேட் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஆயிலில் நனைய வைத்திருப்பார்கள். ஆயில் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளினால் அடுக்கு முழுவதும் இறுகி ஒன்றாகிவிடும், அழுத்தம் போனால் ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும். கியர் மாறும்போது ஒரு அடுக்கு விடுகிற அதே நேரத்தில் இன்னொன்று பிடிக்க வேண்டும். கொஞ்சம் முந்தினால் கியர்பாக்ஸ் முட்டிக்கொள்ளும், பிந்தினால் இன்ஜின் சும்மா அலறும். ரிங்கையோ கேரியரையோ வெளிக்கூட்டோடு சேர்த்துப் பிடிக்கிற அடுக்குக்கு பிரேக் என்றுதானே பெயர் என்று கேட்பீர்கள். பெயர்தான் வேறு, உள்ளே அதே பிளேட், அதே பிஸ்டன்.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரிலேயே பிளானட்டரி கியர் இருந்தது. அதை யாராவது ஆட்டோமேடிக் என்றார்களா? இடது மிதியை அழுத்தினால் லோ கியர், நடு மிதியை அழுத்தினால் ரிவர்ஸ், டிரம்மைச் சுற்றிய பட்டையை இறுக்கியது டிரைவரின் கால். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேடிக் கியர்பாக்ஸைக் கொண்டுவந்தபோது அந்தக் கால் செய்த வேலையை ஆயில் அழுத்தம் எடுத்துக்கொண்டது. கியர் ஏற்கெனவே இருந்ததுதான், பிடிக்கிற விதம் மாறியது, அப்புறம்தான் ஆட்டோமேடிக் என்ற பெயரே நிலைத்தது.

தர்மபுரியில் இருக்கிற என் மாமாவின் கார் வத்தல்மலை ஏற்றத்தில் நின்றுவிட்டது. இன்ஜின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை. கியர்பாக்ஸைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஆயில் கறுத்து, கருகல் வாடை. சன், பிளானட், ரிங் எல்லாம் பல் தேயாமல் பளபளவென்று இருந்தன, கிளட்ச் பிளேட் மட்டும் கருகியிருந்தது. பார்த்தீர்களா, எங்கள் கியர் எவ்வளவு உறுதி என்று அண்ணன் சொல்லலாம். உறுதிதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அத்தனை உறுதியான கியரை உள்ளே வைத்துக்கொண்டு அந்த வண்டி லாரியில் ஏற்றித்தானே மலையிலிருந்து இறங்கியது!

இறக்கத்தையும் பாருங்கள். பல பழைய நாலு கியர் ஆட்டோமேடிக்குகளில் லீவர் டி-யில், அதாவது வழக்கமாக ஓட்டும் நிலையில் இருக்கும்போது முதல் கியரைப் பிடிப்பது ஒருவழி கிளட்ச். ஏற்றத்தில் அது பிடிக்கும், இறக்கத்தில் சக்கரம் இன்ஜினைத் தள்ள ஆரம்பித்ததும் நழுவி விட்டுவிடும், முழுச் சுமையும் கால் பிரேக்கில் விழும். லீவரை லோ கியர் நிலையான எல்-லுக்கு இழுத்தால் இன்னொரு அடுக்கு சேர்ந்து இறுகும், உடனே இன்ஜினே வண்டியைப் பின்னால் பிடித்துக்கொள்ளும். அதே சன், அதே ரிங், அதே மூன்றுக்கு ஒன்று, ஒரு பல்கூட மாறவில்லை. கூடுதலாக ஒரு பிளேட் அடுக்கு பிடித்தது, அவ்வளவுதான். புது பிளேட் போட்ட பிறகு மாமா வத்தல்மலை வளைவுகளில் எல்-லில்தான் இறங்குகிறார்.