ஃப்ளஷிங் குவேக்கர்களும் அந்த 30 கையெழுத்தும்

[காட்சி: நியூயார்க், ஃப்ளஷிங், பவுன் தெரு]

நியூயார்க் தமிழர்களுக்கு ஃப்ளஷிங் என்றால் பிள்ளையார் கோயில்தான். அந்தக் கோயில் இருக்கும் பவுன் தெருவுக்குப் பெயர் வந்தது ஜான் பவுன் என்பவரின் குடும்பத்தால். 1661 வாக்கில் அவர் கட்டிய மர வீடு அதே தெருவில் இன்னும் நிற்கிறது.

அப்போது இந்தப் பகுதி டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. இங்கே குடியேறிய ஆங்கிலேயர்களுக்கு மனச்சாட்சிச் சுதந்திரம் உண்டு என்று 1645ஆம் ஆண்டுப் பட்டயத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட்டுக்குக் குவேக்கர்களைக் கண்டாலே ஆகாது. பாதிரியார் வேண்டாம், சடங்கு வேண்டாம், கடவுளின் ஒளி எல்லோருக்குள்ளும் இருக்கிறது என்று சொன்ன ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள். அவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்தாலே அபராதம் என்று உத்தரவு போட்டார்.

[காட்சி: பழைய கையெழுத்துப் பிரதி]

1657 டிசம்பர் 27 அன்று 30 பேர் அதை எதிர்த்து ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். வந்தவர் யூதரோ, துருக்கியரோ, குவேக்கரோ, வாசலில் வந்து நிற்பவரை விரட்ட எங்களால் முடியாது என்பதுதான் அதன் சாரம். என்னை உலுக்கும் விஷயம், கையெழுத்திட்டவர்களில் ஒருவர்கூட அப்போது குவேக்கர் கிடையாது. யாருக்கோ வந்த ஆபத்தைத் தங்கள் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மனுவை எழுதிய ஊர் எழுத்தர் எட்வர்ட் ஹார்ட் சிறைக்குப் போனார்.

அப்புறம் பவுன். முதலில் குவேக்கரானது அவர் மனைவி ஹன்னா. வீட்டில் குவேக்கர்கள் வழிபாட்டுக் கூட்டம் நடத்த இடம் கொடுத்ததற்காக 1662இல் பவுனைப் பிடித்தார்கள். அபராதம் கட்ட மறுத்தார், நாடு கடத்தினார்கள். அவர் நேராக ஆம்ஸ்டர்டாமுக்கே போய், ஸ்டைவசன்ட்டின் மேலிடமான டச்சு மேற்கிந்தியக் கம்பெனியிடம் முறையிட்டார். யார் மனச்சாட்சியையும் நெருக்காதே என்று 1663இல் கம்பெனி கடிதம் எழுதியது. பவுன் ஊர் திரும்பினார்.

[காட்சி: நார்தர்ன் புல்வார்டு, கூட்ட இல்லம்]

1694இல் குவேக்கர்கள் தங்களுக்கென்று ஒரு கூட்ட இல்லம் கட்டினார்கள். உள்ளே பீடம் இல்லை, படம் இல்லை, மர பெஞ்சுகள் மட்டும். மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள், யாருக்காவது உள்ளிருந்து தோன்றினால் எழுந்து பேசுவார். அமெரிக்கப் புரட்சியின்போது பிரிட்டிஷ் படை இந்த இடத்தைப் பிடித்து, சிறையாகவும் மருத்துவமனையாகவும் பயன்படுத்தியது. பின்னால் இருப்பது அவர்களுடைய இடுகாடு. ஆடம்பரம் என்று கருதி, வெகுகாலம் கல்லறைக்குப் பெயர்க்கல் வைக்காமலே இருந்தார்கள்.

பவுன் வீட்டில் ஒன்பது தலைமுறை வாழ்ந்தது. இப்போது அது அருங்காட்சியகம். கூட்ட இல்லத்தில் இன்றும் ஞாயிறுதோறும் வழிபாடு நடக்கிறது. 7ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் இரண்டையும் நடந்தே பார்த்துவிடலாம்.