கடைசியில் வருமே, அது என்ன?

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

'வாழ்க்கையை மாற்றிய இசைத்தொகுப்புகள்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து தொகுப்புகளைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். எழுத எழுத ஒவ்வொன்றாக உதிர்ந்து ஒன்றே ஒன்று மிஞ்சியது. 1986-இல் வெளிவந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

1987-இல் எனக்கு வயது பத்தொன்பது. கும்பகோணத்தில் கல்லூரி முடிந்ததும் சாயங்காலம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். இங்கே இருக்கும் இளைஞர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒரு காலி கேசட்டும் வாங்கிக் கடையில் கொடுத்தால், நாங்கள் பதிந்து கொடுப்போம். உரிமை பெறாமல் செய்த வேலை அது. தப்பு என்று தெரிந்துதான் ஊர் ஊருக்கு நடந்தது. 'சோகப் பாட்டு மட்டும்', 'மழைப் பாட்டு ஒரு பக்கம், ஊஞ்சல் பாட்டு ஒரு பக்கம்' என்றெல்லாம் பட்டியல் வரும். தினமும் கடை திறந்ததும் முதல் வேலை, டேப் டெக்கில் நாடா உரசி ஓடும் ஹெட்டைத் துடைப்பது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் காப்பித்தூள் நிறத்தில் அழுக்கு வரும். அது நாடாவிலிருந்து உதிர்ந்த துகள். எத்தனையோ பேர் கேட்ட பாட்டு அந்தப் பஞ்சில் இருக்கும்.

அறுபது நிமிட கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டோ ஏழு பாட்டோ போட்டால் கடைசியில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும். வெறும் நாடாவாக விட்டால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார். அதற்காக எங்கள் முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். பாட்டே இல்லாத ஒரு கேசட்டை எடுத்து, அந்த மிச்ச இடத்தில் ஓடவிடுவார். நாடா எங்கே தீர்கிறதோ அங்கே அது அறுந்து நிற்கும். அப்படி அவர் இடம் நிரப்ப வைத்திருந்த கேசட்தான் 'ஹவ் டு நேம் இட்?'.

சில வாரங்களில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "தம்பி, ஏ சைடு கடைசியில வருமே, அது என்ன?" என்பார்கள். வாயால் பாடிக் காட்டப் பார்ப்பார்கள், வராது. பல்லவி இல்லை, வார்த்தை இல்லை, நடிகர் பெயர் இல்லை. எதைச் சொல்லிக் கேட்பது? 'இதற்கு என்ன பெயர் வைப்பது' என்ற பொருளில் பெயர் வைத்த ஒரு தொகுப்பை, பெயர் தெரியாமலே எங்கள் கடைக்கு வந்து கேட்டார்கள்.

அவர்களில் ஒரு பஸ் டிரைவர் எனக்கு மறக்கவே மறக்காது. தஞ்சாவூர் தடத்தில் விடியற்கால முதல் நடை ஓட்டுபவர். "பாதியிலேயே நிக்குதே அதை முழுசாப் போட்டுக் குடுப்பா, நடுவுல வேற எதையும் சேக்காதே" என்றார். இரண்டு மாதம் கழித்து இன்னொரு பிரதிக்கு வந்தார். முதல் கேசட் தேய்ந்துவிட்டது. ஏன் இது இவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டேன். அவர் சொன்னது: "பாட்டுன்னா அந்தப் படம் ஞாபகம் வருது. இதைக் கேட்டா எனக்கு என் ஞாபகந்தான் வருது."

இந்த ஒரு வாக்கியத்தை முப்பது வருடத்துக்கு மேலாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். தமிழ்நாட்டில் 1980-களில் இசைத்தொகுப்பு என்றால் அது ஒரு படத்தின் பாட்டுகள்தான். கச்சேரிப் பதிவுகளும் பக்திப் பாடல்களும் தனி. படமும் இல்லாமல், பாட்டும் இல்லாமல், சாமியும் இல்லாமல் முக்கால் மணி நேர இசையைக் கையில் கொடுத்து, 'இதை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை கேள்' என்று எங்களிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அதுவும் ஊரே பாடிக்கொண்டிருந்த பாட்டுகளைப் போட்டவரே சொன்னார்.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். சினிமாப் பாட்டு வீட்டில் கேட்கக்கூடாது. நான் ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தபோது பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. தை மாதம் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை என்றால் மண்டிக்கு லீவு போட்டுவிட்டுப் போய்விடுவார். தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும், நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடிகிற வரை, கோஷ்டியோடு உட்கார்ந்து பாடிவிட்டு வருவார். என்னைக் கூப்பிடுவார், நான் போகமாட்டேன்.

ஒருநாள் இந்தக் கேசட்டின் அட்டையை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தொகுப்பை இளையராஜா இரண்டு பேருக்குச் சமர்ப்பித்திருந்தார். ஒருவர் தியாகராஜர். இன்னொருவர் ஜெர்மன் இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக். உள்ளே ஓர் இசைக்கோவையின் பெயரே 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'.

"தியாகராஜ சுவாமி பேரை எதுக்குடா இதுல போட்டிருக்கான்?" என்றார். குரலில் சண்டை இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. "சரி, போடு" என்றார்.

ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ இன் ஒன்னைத் திண்ணைக்குக் கொண்டுபோய் வைத்தேன். அப்பா சப்பணம் போட்டு உட்கார்ந்து, வழக்கம்போலத் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தார். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். 'மேட் மாட் மூட் ஃபியூக்' வந்தது. ஒரு வயலின் கூட்டம் ஒரு பிடியைச் சொல்லிக்கொண்டு போகிறது. அது முடிவதற்குள் இன்னொரு கூட்டம் அதே பிடியை வேறு ஸ்தாயியில் ஆரம்பிக்கிறது. அப்புறம் மூன்றாவது, கீழே செல்லோவின் கனத்த குரலில். அப்பாவின் விரல் நடுவிரலிலேயே நின்றுவிட்டது. தாளம் தொடங்கும் சமம் எங்கே என்று பிடிபடவில்லை. இன்னொரு முறை முயன்றார். பிறகு கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தாளம் போடாமல் அவர் இசை கேட்டதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

முடிந்ததும் சொன்னார்: "ஒருத்தன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்தவன் ஆரம்பிக்கிறான். ஆனா சண்டை இல்லையே." கொஞ்ச நேரம் கழித்து, "திருப்பிப் போடு."

ஃபியூக் என்றால் என்ன என்று பின்னாளில் புத்தகங்களில் படித்தேன். என் அப்பா சொன்னதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

இசைக்குள் நடந்த காரியத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நம் இசை ஒற்றைக் கோட்டில் ஓடுவது. தம்பூரா ஆதாரத்தில் ஒரே ராகம் வளர்கிறது, பக்கவாத்திய வயலின் அந்தக் கோட்டையே தொடர்ந்து வருகிறது. ஸ்வரம் அசையும், அந்த அசைவைத்தான் கமகம் என்கிறோம். தோடி ராகத்தின் காந்தார ஸ்வரத்தை ஓரிடத்தில் நிறுத்திவைத்தால் அது தோடியே இல்லை. மேற்கத்திய ஹார்மனிக்கோ ஸ்வரம் நிற்க வேண்டும். மூன்று நான்கு ஸ்வரங்கள் ஒரே சமயத்தில் நின்றால்தான் ஒன்றோடொன்று இசையும். அசைவதையும் நிற்பதையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் மோதும். இதைச் சமாளிக்க முடியாமல் போன கலப்பிசை முயற்சிகள் நிறைய. கமகத்தை வழித்துப் போட்டுவிடுவார்கள், அல்லது ஒரு மிருதங்கத்தைக் கொண்டுவந்து ஓரத்தில் உட்காரவைத்துவிடுவார்கள்.

இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையும் படித்தார். இரண்டு பக்கமும் உள்ளேயிருந்து தெரியும். வி.எஸ். நரசிம்மனின் தனி வயலினைக் கமகத்தோடு தாராளமாக அசையவிட்டு, சுற்றியிருக்கும் வாத்தியக் குழுவை நேர் ஸ்வரங்களில் நிற்கவைக்கிறார். ஆற்றில் படித்துறை நிற்பதுபோல என்று எனக்குத் தோன்றும். காவிரிக் கரைக்காரன் என்பதால் இருக்கலாம்.

'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற இசைக்கோவையை எடுத்துக்கொள்ளுங்கள். பாக் 1720-இல் சுத்தப்படி எழுதிவைத்த தனி வயலின் படைப்புகளில், ஈ மேஜரில் அமைந்த மூன்றாம் பார்ட்டிட்டாவின், அதாவது பல பகுதிகள் கொண்ட இசைத்தொடரின், முதல் பகுதி அது. அதை அப்படியே ஓடவிட்டு, அதன் மேல் நம்மூர் பாணியில் இன்னொரு வயலின் பேசுகிறது. 'பாக்கின் இசைமேல் கைவைக்கலாமா' என்று அன்றைக்குச் சிலர் வருத்தப்பட்டார்கள். பாக்கே அதில் கைவைத்தவர்தான். 1731-இல் லைப்ஸிக் நகரசபைக்காக எழுதிய கன்டாட்டா என்ற பாட்டும் வாத்தியமும் சேர்ந்த படைப்பில் அதே இசையை ஆர்கனுக்குக் கொடுத்து, டிரம்பெட்டும் முரசும் சேர்த்திருக்கிறார்.

தியாகராஜர் பக்கம் மட்டும் என்ன? வயலின் என்ற வாத்தியமே ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் போன்றவர்கள் அதைக் கற்று, உட்கார்ந்து, தலைப்பைக் காலில் ஊன்றி, சுருதியை மாற்றி நம் வாத்தியமாக்கினார்கள். தியாகராஜர் வாழ்ந்த தஞ்சைச் சீமையில் சரபோஜி மன்னர் காலத்தில் மேற்கத்திய பாண்டு வாசித்தது. 'வரலீல கானலோல' என்று சங்கராபரணத்தில் அவர் பாடியதைக் கேட்டுப் பாருங்கள், நடை அந்தப் பாண்டுக்காரர்களின் நடை. ஆகவே பாக் இவர் வீட்டுக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வர நூற்றைம்பது வருடம் தாமதமாகிவிட்டது என்பதில்தான் வருத்தம்.

1988-இல் பாலு மகேந்திரா தன்னுடைய 'வீடு' படத்துக்குப் பின்னணி இசையாக இந்தத் தொகுப்பையே எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு கடையில் கேட்பவர்களுக்கும் வசதி. "வீடு படத்து மியூசிக்" என்றால் போதும். ஆனால் எனக்கு ஓர் இழப்பும் உண்டு. அந்த வயலின் எழுந்தால் இப்போதும் கட்டி முடியாத சுவரும், அதில் நடித்த சொக்கலிங்க பாகவதரின் முகமும் கண்முன் வந்துவிடுகின்றன. டிரைவர் சொன்ன 'என் ஞாபகம்' எனக்குப் பாதிதான் மிச்சம். அந்தப் படத்தை நான் மிகவும் மதிக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன்.

அதே வருடம் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு 'நத்திங் பட் விண்ட்' வந்தது. அழகான வேலைதான், பலருக்கு அதுவே உசத்தி. என்னை அது இந்த அளவுக்குக் குலுக்கவில்லை.

சரி, இந்தக் கேசட் என்ன மாற்றியது? நான் வயலின் கற்றுக்கொள்ளப் போகவில்லை. இசைக்கலைஞனாகவும் ஆகவில்லை. என் காது மாறியது. அதுவரை ஒரு பாட்டென்றால் பாடுகிறவரின் குரல் மட்டும்தான் எனக்குக் கேட்கும், மற்றதெல்லாம் பின்னால் ஏதோ சத்தம். 'ஹவ் டு நேம் இட்?'டில் பற்றிக்கொள்ளக் குரல் கிடையாது. ஐம்பது, அறுபது தடவை கேட்டபின் ஒருநாள் மேலே ஓடும் வயலினை விட்டுவிட்டு, அடியில் என்ன நடக்கிறது என்று காதைக் கீழே இறக்கினேன். அங்கே ஒரு தனி மெட்டு போய்க்கொண்டிருந்தது. முதல் தடவை கேட்டபோதும் அது அங்கே இருந்திருக்கிறது.

அன்று ராத்திரி கடையை மூடிவிட்டு, ஆயிரம் தடவை பதிந்து கொடுத்த பழைய பாட்டுகளையே திரும்பப் போட்டேன். 'என் இனிய பொன் நிலாவே'. 1980-இல் வந்த 'மூடுபனி' படத்துப் பாட்டு, உங்களுக்கெல்லாம் மனப்பாடம். அதில் பேஸ் கிட்டார் என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்களா? அது தாளத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கவில்லை. யேசுதாஸ் பாடும்போது கீழே தன் போக்கில் வேறொரு பாட்டைப் பாடிக்கொண்டு போகிறது. ஏழு வருடமாக அந்தப் பாட்டைக் கேட்டவன் நான், அதைக் கேட்டதேயில்லை. டெக்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அடுத்த தை மாதம் அப்பாவோடு திருவையாற்றுக்குப் போனேன். அவர் கூப்பிடவில்லை, நானே சட்டையை மாட்டிக்கொண்டு கூட நடந்தேன். 'எந்தரோ மகானுபாவுலு'வை நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். ஒரே கோடுதான், ஹார்மனி கிடையாது. ஆனால் பழகிய காதுக்கு அந்த ஒரு கோட்டுக்குள் என்னென்னவோ கேட்டது. பெண்கள் ஒரு ஸ்தாயி மேலே. வயதானவர்கள் மந்தரத்தில், அரை நொடி பின்னால். எனக்கு வலது பக்கம் அப்பா, கீழ் ஸ்தாயியில், பாதி வார்த்தைகளை விழுங்கிக்கொண்டு. அவர் குரலைத் தனியாகப் பிரித்து முழுக் கீர்த்தனையும் கேட்டேன். அவர் பாடுவதை அதற்கு முன்னால் நான் கவனித்துக் கேட்டதில்லை.

அப்பா கடைசி வரை சினிமாப் பாட்டை ஏற்கவில்லை. இந்தக் கேசட்டை மட்டும் தன் பெட்டியில் பஞ்சாங்கத்தோடு வைத்துக்கொண்டார். அட்டையில் தன் கையெழுத்தில் 'தியாகையர், பாக்' என்று எழுதியிருந்தார். இரண்டே பெயர்கள். அவர் காலமான பின் போட்டுப் பார்த்தேன். ஃபியூக் வரும் இடத்தில் நாடா தேய்ந்து, சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கியிருந்தது. அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

அந்த நாடாவைக் கொண்டுவந்து போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். அறுந்துவிடுமோ என்று பயம், அதனால் நல்ல பிரதி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' போடப்போகிறேன். செல்பேசியை எல்லாரும் ஒரு ஐந்து நிமிடம் பைக்குள் வையுங்கள். முதல் தடவை மேலே பேசும் வயலினோடு போங்கள். முடிந்ததும் உடனே மறுபடி போடுவேன். அப்போது அதை விட்டுவிட்டு, கீழே ஓடிக்கொண்டிருப்பதைப் பிடியுங்கள். பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னால் வந்து உட்காரலாம், இடம் இருக்கிறது. தம்பி, போடுப்பா.