பெரியப்பா கழுத்துக்கு மட்டும் ஏன் வயசாச்சு?

(காட்சி: பாம்பன் கடற்கரை, காலை. மணலில் உட்கார்ந்து ஒரு பெரியவர் வலை தைக்கிறார்.)

இவர் எங்க பெரியப்பா. வயசு 64. சின்ன வயசுல இருந்து கடல்தான். பின்கழுத்தைப் பாருங்க, காய்ஞ்ச கண்மாய் மாதிரி கட்டம் கட்டமா வெடிச்சிருக்கு.

(காட்சி: சட்டைக் காலரைக் கொஞ்சம் இறக்குகிறார்.)

ரெண்டு விரல் கீழே வழவழன்னு இருக்கு. அதே உடம்பு, அதே 64 வயசு!

இதுக்குக் காரணம் பல. முக்கியமானது வெயில்ல இருக்கிற புற ஊதாக்கதிர். நம்ம செல்லுக்குள்ள உடம்போட குறிப்பு டி.என்.ஏ.ங்கிற ரெட்டை இழையில எழுத்து எழுத்தா இருக்கு. அந்தக் கதிர் அதுல பக்கத்து பக்கத்து எழுத்து ரெண்டை ஒட்ட வச்சிடும். அதைச் சரிபண்ண செல்லுக்குள்ளேயே நொதிகள், அதாவது வேலைக்காரப் புரதங்கள், இருக்கு. எப்படின்னு பெரியப்பா கையைப் பாருங்க. கிழிசலை அப்படியே இழுத்து முடிச்சுப் போடல. நல்ல முடிச்சு வர்ற வரைக்கும் பிய்ஞ்ச கண்ணையெல்லாம் அறுத்து எடுத்துட்டுத்தான் ஊசியைத் தொடுறார். நொதிகளும் அப்படித்தான். கெட்டது ரெண்டே எழுத்துன்னாலும், சுத்தி ஏறக்குறைய 30 எழுத்தை வெட்டி எடுத்துட்டு, எதிர் இழையைப் பார்த்துப் புதுசா நிரப்பும். இதை விளக்கினதுக்குத்தான் அசிஸ் சன்ஜாருக்கு 2015 வேதியியல் நோபல்ல பங்கு.

இந்த மாதிரி நொதி பழுதானா என்ன ஆகும்? டி.என்.ஏ. இழைகளைப் பிரிச்சுவிடுற ஒரு நொதி இல்லாதவங்களுக்கு வெர்னர் நோய் வரும். இருபதுகள்லயே நரை, முப்பதுகள்ல கண்புரை. டி.என்.ஏ.வைப் பராமரிக்கிற வேலை தவறினா முதுமை சீக்கிரம் வரும்ங்கிறதுக்கு எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அப்ப நொதியைத் தூண்டிவிட்டா முதுமை தள்ளிப்போகுமா? டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிற குரோமோசோமோட நுனி, செல் பிரியப் பிரியத் தேயும். அந்த நுனியை நீட்டுற டெலோமரேஸ்ங்கிற நொதியை 1984-லயே கண்டுபிடிச்சாச்சு. ஆனா பெரும்பாலான புற்றுநோய்கள் அதே நொதியை வச்சுத்தான் ஓயாமப் பெருகுது. கை வைக்கப் பயமா இருக்கு.

இன்னொரு வழி, நூல்கண்டைப் பார்க்கிறது, அதாவது நொதிகள் செலவழிக்கிற பொருளை. டி.என்.ஏ. அறுந்தா பார்ப்-ங்கிற நொதி ஓடிவந்து ஆள் கூப்பிடும். ஒவ்வொரு தடவையும் என்.ஏ.டி.ங்கிற மூலக்கூறைச் செலவழிக்கும். டி.என்.ஏ.வை ஒழுங்காச் சுருட்டி வைக்க உதவுற சர்டுவின்ங்கிற நொதிகளுக்கும் அதே என்.ஏ.டி.தான் வேணும். ஒரே கண்டு, ரெண்டு ஊசி. வயசாக ஆக உடம்போட பல இடங்கள்ல அந்தக் கண்டும் மெலிஞ்சு போகுது.

அதைக் கூட்டுறோம்னு விக்கிற என்.எம்.என். மாத்திரை ரத்தத்துல என்.ஏ.டி.யை ஏத்துது, உண்மைதான். மனுஷனோட ஆயுள் கூடுச்சுன்னு ஒரு சோதனையும் காட்டல. காசைப் பார்த்துச் செலவழிங்க.

(காட்சி: பெரியப்பா தலையில் புதுத் தொப்பி, பின்னால் துணி தொங்குகிறது.)

பெரியப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்தது இதுதான். கழுத்து வரைக்கும் மறைக்கும்.