சிறு குட்டைகளைக் காப்போம்
(மினியாபொலிஸ் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து சிறப்புச் செய்யும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, இந்தப் பனியிலும் நெடுந்தூரம் காரோட்டி வந்திருக்கும் பெரியோர்களே, தமிழ்ப்பள்ளி ஆசிரியப் பெருமக்களே, பின்கட்டில் இன்னும் பந்திக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய மருத்துவர் ஐயா உழவின் பெருமையை அழகாக எடுத்துரைத்தார். அந்த உழவு நிலத்தின் நடுவே கிடக்கும் குட்டைகளுக்காகப் பேச வந்திருக்கிறேன். மூன்று செய்திகள்: குட்டையின் பயன், சட்டத்தின் நிலை, நம் கடமை.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். நம் மினசோட்டா மாநிலத்தின் மேற்கிலிருந்து டகோட்டாக்கள் வழியாகக் கனடாவின் ஆல்பர்ட்டா வரை, பழைய பனியாறுகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற பள்ளங்கள் லட்சக்கணக்கில் கிடக்கின்றன. வட அமெரிக்க வாத்துகளில் பாதிக்கு மேல் இந்தப் புல்வெளிக் குட்டைகளை நம்பியே குஞ்சு பொரிக்கின்றன. வசந்தத்தில் முதலில் பனி உருகுவது ஆழமில்லாத சிறு குட்டையில்தான். முட்டையிடப்போகும் பெட்டைக்குத் தேவையான புழுபூச்சிகள் அங்கேதான் பெருகும். ஒரு சோடி இருக்கும் இடத்தில் இன்னொரு சோடியை ஆண் வாத்து அண்டவிடாது. ஆகவே பத்து ஏக்கர் ஏரி ஒன்றைவிட, ஒரு ஏக்கர் குட்டைகள் பத்து இருந்தால் அதிகச் சோடிகள் தங்கும். துரும்பென்று நினைத்து நாம் மூடிவிடுவது அந்தக் குட்டைகளைத்தான்! மண்ணுக்குள் துளையிட்ட குழாய்களைப் புதைத்து நீரை வடித்து, மக்காச்சோளமும் சோயாவும் விதைக்கிறோம். அயோவாவில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு ஈரநிலம் போய்விட்டது.

சட்டம் பற்றி ஒரு வரி. ஆற்றோடு சேராத குட்டைகள், உச்ச நீதிமன்றத்தின் 2001, 2023 தீர்ப்புகளால் மத்தியத் தூயநீர்ச் சட்டத்தின் பாதுகாப்பை இழந்தன. 1991இல் மினசோட்டா தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. அதன் விவரத்தை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் டார்லிங் கதையைச் சொல்லாமல் இறங்க மனமில்லை. 'டிங்' டார்லிங் அயோவாவின் கேலிச்சித்திரக்காரர்; அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை இடைவிடாமல் தாக்கி வரைந்தவர். 1934இல் அந்த ரூஸ்வெல்ட்டே அவரை அழைத்து வனவிலங்குத் துறையை ஒப்படைத்தார். பெரும் வறட்சிக் காலம், கஜானா காலி. தெற்கு டகோட்டா செனட்டர் நார்பெக்கை டார்லிங் நாடினார். நார்பெக்குக்கு நார்வே வாடை வீசும் ஆங்கிலம். அவர் சபையில் எழுந்து, கட்டிய பல்லைக் கழற்றிவிட்டு, வாத்துகளின் வாழிடத்துக்குப் பணம் ஒதுக்கும் ஒரு திருத்தத்தை மளமளவென்று வாசித்தாராம். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆட்சேபம் உண்டா? இல்லை. நிறைவேறியது! அறுபது லட்சம் டாலர்! மீன்பிடிக்கக் கிளம்பும் அவசரத்தில் ரூஸ்வெல்ட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பார்கள். பல் குத்தத் துரும்பு உதவும். வாத்துகளுக்கோ கழற்றிய பல்லே உதவியது.

அதே 1934இல், டார்லிங் வரைந்த படத்தோடு ஒரு டாலருக்கு வெளிவந்ததுதான் முதல் வாத்து முத்திரை, அதாவது வாத்து வேட்டைக்காக மத்திய அரசு விற்கும், தபால்தலை போன்ற வில்லை. இன்று அதன் விலை 25 டாலர். வேட்டைக்காரர்கள் கட்டாயமாக வாங்குகிறார்கள். வேட்டையே ஆடாத நாமும் வாங்கலாம். வாங்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் வாழிடம் காக்கப் போகிறது. 1958 முதல் அந்தப் பணத்தில் சிறு குட்டைகளையும் விலைக்கு வாங்குகிறார்கள். அல்லது உழவரிடம் பணம் கொடுத்து, நிலம் அவருடையதாகவே இருக்க, குட்டையை என்றும் வடிப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்கிறார்கள். உழவருக்கும் நட்டமில்லை. இதைவிட நேர்மையான ஏற்பாடு உண்டா?

நம் வீடுகளில் பண்டிகைக்கு எவ்வளவோ செலவழிக்கிறோம். வீட்டுக்கு ஒரு முத்திரை போதும். இப்போது விற்பது ஜூன் 30 வரை செல்லும். தபால் நிலையத்தில் கேளுங்கள். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பந்திக்குப் போகுமுன் பெயரை எழுதிவிடுங்கள். இந்த வாரமே சேர்த்து வாங்கித் தருகிறேன். நன்றி, வணக்கம்.