குடிசை நின்ற மண்

நேயர்களுக்கு வணக்கம். தஞ்சை டெல்டாவில் உழுதவருக்கும் கூலிக்காரருக்கும் மண் கிடைத்த கதை இது.

வெள்ளைக்காரன் போய் ஐந்து வருஷம் கழித்து, 1952-இல்தான் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் சும்மா வரவில்லை. சவுக்கடிக்கும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பால் தண்டனைக்கும் எதிராக கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாகப் போய் ஆள் திரட்டினார்கள். அதன் பிறகு வந்தது. விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு குத்தகைக்காரருக்கு என்றது அந்தச் சட்டம். 1956-இன் நியாய வாரச் சட்டமோ, நஞ்சையில் நிலச்சொந்தக்காரருக்கு நூற்றுக்கு 40 போதும் என்று கணக்கைத் திருப்பிப் போட்டது.

1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தைப் பொறுத்து அளவு மாறும் ஏக்கர்); 1970-இல் அது 15 ஆனது. அதற்குள் உறவுக்காரர் பெயரிலும் அறக்கட்டளை பெயரிலும் எவ்வளவோ நிலம் பிரிந்துவிட்டது.

என்னைக் கேட்டால், வயலை விட முதலில் வேண்டியிருந்தது குடிசை நின்ற மண். அந்தத் திடல் பண்ணைக்குச் சொந்தம். கூலி கூடக் கேட்டால், 'குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போ' என்ற ஒரு சொல் போதும். கீற்றையும் மூங்கிலையும் அவிழ்த்துக்கொண்டு பிள்ளைகுட்டியோடு எங்கே போவது? இந்தப் பயம் இருக்கும்வரை எந்தக் கூலிச் சட்டமும் களத்துமேட்டுக்கு வராது. 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் கூலித் தகராறில் 44 பேரை எரித்ததும் ஒரு குடிசையில்தான்.

1971-இன் குடியிருப்புச் சட்டம், இருந்த இடத்தை இருந்தவருக்கே சொந்தமாக்கியது. பட்டா வந்த பிறகு வாசலில் தென்னம்பிள்ளை வைத்தார்கள். நாளைக்கே விரட்டப்படலாம் என்று இருக்கிறவர், ஐந்தாறு வருஷம் கழித்துக் காய்க்கும் மரத்தை எதற்கு நடுவார்?

வயலும் கொஞ்சம் வந்தது. 1981-இல் நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தர லாஃப்டி அமைப்பைத் தொடங்கிய சர்வோதயத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் மிராசுதார்களிடம் பேசி, கடன் ஏற்பாடு செய்து, நிலத்தைப் பெண்கள் பெயரிலேயே எழுதவைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. டெல்டாவில் பல ஊர்களில் குத்தகை இன்றும் வாய்ப்பேச்சுதான். எழுதிக் கொடுத்தால் ஆளை நிலத்தை விட்டு வெளியேற்ற முடியாது என்று நிலக்காரர் அஞ்சுகிறார். சம்பா கதிர் மழையில் சாய்ந்தால் நட்டம் உழுதவருக்கு. நிவாரணம், நிலச்சொந்தக்காரர் பெயரைச் சொல்லும் சிட்டாவில் பெயர் உள்ளவருக்கு. குத்தகையைப் பதிய 1969-லிருந்தே சட்டம் உண்டு. கிராம நிர்வாக அலுவலர்கள் வயலுக்கு வந்து, சேற்றில் நிற்பவர் யார் என்று பார்த்து, அந்தப் பெயரை அடங்கல் என்ற பயிர்க் கணக்குப் பதிவேட்டில் எழுதட்டும். வருகிற சம்பாவுக்குள்ளேயே எழுதட்டும்.