போரில் அணையை உடைக்கலாமா?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எதிரிப் படை அணையின்மேல் பீரங்கிகளை நிறுத்திவிட்டால் அதை உடைப்பது நியாயம்தானே? முதலில் தவறு செய்தவன் அவன்தானே?"

கீழ்பவானிப் பாசனத்தை நம்பி வாழும் நமக்கு இது ஏட்டளவிலான கேள்வி அன்று. முறைத் தண்ணீர் வரும் இரவில் மண்வெட்டியும் கைவிளக்குமாக மதகடியில் என் தந்தையாரோடு காத்திருந்தவன் நான். கடைமடைக்குத் தண்ணீர் வராத ஆண்டில் வீடு எப்படி இருக்கும் என்பதை அறிவேன்.

போரில் சிக்கியோரைக் காக்க நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஜெனீவா உடன்படிக்கைகளுக்கு 1977-இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறை, பயிர்நிலம், கால்நடை, குடிநீர், பாசனக் கட்டுமானம் ஆகியவற்றின் பயன் மக்களுக்குக் கிடைக்காமல் செய்யும் நோக்கத்தோடு அவற்றை அழிப்பதைத் தடுக்கிறது. அதன் 56-ஆவது பிரிவு அணைகளைத் தனியாகவே எடுத்துக்கொள்கிறது: வெள்ளம் பாய்ந்து மக்களுக்குப் பேரிழப்பு நேரக்கூடுமானால், அணை இராணுவ இலக்காகவே இருந்தாலும் அதைத் தாக்கக் கூடாது. அணை தன் வழக்கமான பணிக்கு மாறாகப் பயன்பட்டு, போர் நடவடிக்கைக்குத் தொடர்ச்சியாகவும் கணிசமாகவும் நேரடியாகவும் துணைநின்று, அதைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் விலக்கு உண்டு. சகோதரி சொன்ன பீரங்கிகள் அணையைக் காக்க மட்டுமே நிறுத்தப்பட்டவை என்றால், அவற்றையும் இலக்காக்க முடியாது. பழிக்குப் பழியாக அணையைத் தாக்குவதையும் அதே பிரிவு தடுக்கிறது.

'அவன்தானே முதலில்' என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். 1943 மே மாதம் பிரிட்டிஷ் விமானங்கள் ஜெர்மனியின் மோனே அணையை உடைத்தன. நாஜி அரசு செய்த கொடுமைகளில் எவருக்கும் ஐயமில்லை. அதன் ஆயுத ஆலைகளை முடக்குவதே தாக்குதலின் நோக்கம். ஆனால் வெள்ளத்தில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் மிகப் பலர், அதே நாஜிகள் பிடித்துவந்து முகாமில் அடைத்திருந்த சோவியத் நாட்டுப் பெண் தொழிலாளர்கள். தவறு செய்தவன் அணைக்குக் கீழே படுத்துறங்கவில்லை. அன்று இந்த 56-ஆவது பிரிவு இல்லை. இத்தகைய சாவுகளைக் கண்ட பிறகே உலகம் அதை எழுதியது.

இந்தியா 1960-இலேயே ஜெனீவா உடன்படிக்கைகளுக்கெனச் சட்டம் இயற்றியது. 1977-ஆம் ஆண்டு நெறிமுறையில் மட்டும் இன்னும் சேரவில்லை. பவானிசாகரைப் போல எத்தனையோ அணைகளுக்குக் கீழே ஊர்களும் வயல்களுமாக வாழும் நாடு, அதில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கருதுகிறேன்.