சிரிக்க வைப்பது கைதான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'மப்பெட் ஷோ இன்றும் சிரிக்க வைப்பது பழைய டிவி நினைவாலா, பொம்மையாட்டியின் கைத்திறனாலா?' எதிரணி நண்பர் நினைவுக்காகப் பேசினார். வீட்டில் ஒரே டிவி, குடும்பமே அதன் முன்னால், அந்த இசை, அந்தத் திரை என்று உருக்கிவிட்டார். முன்வரிசையில் ரெண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். துடைத்தார்கள் நடுவரே, சிரிக்கவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்காதவர்களுக்கு ஒரு வரி. மப்பெட் என்ற பொம்மைகள் நடித்த டிவி நகைச்சுவை நிகழ்ச்சி, 1976 முதல் 1981 வரை 5 சீசன், 120 அத்தியாயம். இதை உருவாக்கிய பொம்மையாட்டி ஜிம் ஹென்சன் அமெரிக்கர். ஆனால் அங்குள்ள பெரிய சேனல்கள் கைவிரித்துவிட, இங்கிலாந்தின் டிவி முதலாளி லூ கிரேட் பணம் போட்டு எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் எடுக்க வைத்தார். ஒரு நாடகக் கொட்டகை, அதை நடத்தப் படாதபாடு படும் கெர்மிட் என்ற தவளை, வாரம் ஒரு விருந்தினர். கதை அவ்வளவுதான்.

இப்போது நடுவர் வலது கையைக் காதுக்கு மேலே தூக்க வேண்டும். தூக்கிவிட்டீர்களா? நாலு விரல் மேல்தாடை, கட்டைவிரல் கீழ்த்தாடை. 'வணக்கம்' சொல்ல வையுங்கள். பார்த்தீர்களா, நாலு விரலும் மேலே துள்ளுகிறது! அப்படிச் செய்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொம்மை கூரையைப் பார்க்கும். மேல் விரல்கள் அசையாமல் நிற்க, கட்டைவிரல் மட்டும் கீழே இறங்க வேண்டும். வ, ணக், கம் என்று மூன்று இடத்தில் வாய் திறக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர் ஒலி வரும் நேரத்தில் வாயை மூடுவார்; பொம்மை சொல்லைக் கடித்து விழுங்குவது போல இருக்கும். மணிக்கட்டையும் முன்னால் மடக்குங்கள். இல்லாவிட்டால் பொம்மையின் பார்வை கேமராவைத் தாண்டிப் போய்விடும். கையை இறக்காதீர்கள் ஐயா, நான் முடிக்கும் வரை அப்படியே இருக்கட்டும்.

வலது கை தலைக்குள் போய்விட்டது. மிச்சம் இருப்பது இடது கை. அதுதான் பொம்மையின் கையை அசைக்கும் கம்பியைப் பிடிக்கிறது. அதனால்தான் மப்பெட்டுகளில் பெரும்பாலானவை இடதுகைக்காரர்கள்! செட்டையே தரையிலிருந்து உயர்த்திக் கட்டிவிடுவார்கள். ஆட்டுகிறவர் கீழே நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கிக்கொண்டு, எதிரே உள்ள மானிட்டரைப் பார்த்தே ஆட்டுகிறார். அந்த மானிட்டர் கண்ணாடி போல இடவலம் மாற்றிக் காட்டாது. அவர் தன் வலப்பக்கம் நகர்ந்தால் திரையில் பொம்மை இடப்பக்கம் போகும். முதல் நாள் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். இதற்கு நடுவே வசனம், பாட்டு, பக்கத்தில் இன்னும் மூன்று பேருடைய முழங்கை.

கெர்மிட்டின் முகத்துக்கு வருவோம். முதல் பொம்மையை 1955-இல் ஹென்சன் தன் அம்மாவின் பழைய கோட்டை வெட்டித் தைத்தார். கண்ணுக்குப் பிங்பாங் பந்தின் ரெண்டு பாதி. மற்ற பொம்மைகளின் தலைக்குள் ஸ்பாஞ்ச் இருக்கும். கெர்மிட்டுக்கு அது இல்லை, துணிக்கு அடியில் நேரே கைதான். விரலை மடக்கிக் கையைச் சுருட்டினால் முகம் முழுக்கச் சுருங்கி, புளிப்பு மாங்காய் கடித்த மாதிரி ஆகிவிடும். விருந்தினர் ஏதாவது ஏடாகூடமாகப் பேச, தவளை பதில் சொல்லாமல் முகத்தை மட்டும் சுருட்டும். கூட்டம் சிரிக்கும். அங்கே நடித்தது ஹென்சனின் விரல் முட்டி. இதில் எங்கே ஐயா பழைய நினைவு?

சரி, ஸ்வீடிஷ் செஃப். சமையல்காரப் பொம்மை. தலையும் குரலும் ஹென்சன்; அங்கிக்குள்ளிருந்து நீளும் ரெண்டு கையும் சக பொம்மையாட்டி ஃபிராங்க் ஓஸுடைய நிஜக் கைகள். வாய் ஒருவருக்கு, கை இன்னொருவருக்கு. வாய் ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றைத் தூக்கி எறியும். வாய் அதைச் சமாளிக்கும். ஸ்வீடிஷ் என்ற பெயரில் அவர் உளறுவது எந்த மொழியும் இல்லை. நினைவே இல்லாத மூன்று வயதுக் குழந்தையை உட்கார வைத்துப் பாருங்கள், அதுவும் சிரிக்கும். ஓஸ் ஆட்டிய பன்றிப் பொம்மை மிஸ் பிக்கியின் கராத்தே வெட்டும் இப்படி வந்ததுதான். வசனத்தாளில் எழுதியிருந்தது கன்னத்தில் ஓர் அறை. ஒத்திகையில் ஓஸின் கை வெட்டிவிட்டது. அதுவே அவளுடைய அடையாளமாக ஒட்டிக்கொண்டது.

மாடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நக்கலடிக்கும் ஸ்டாட்லர், வால்டார்ஃப் கிழவர்களைச் சொல்லாமல் போனால் ரசிகர்கள் அடிப்பார்கள். நம் தோற்பாவைக்கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே புகுந்து கலாய்க்கும் உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே எல்லாக் குரலும் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஆளுடையது.

எதிரணி கேட்டது: '1990-இல் ஹென்சன் இறந்த பிறகு கெர்மிட் வேறு கைக்குப் போனபோது ரசிகர்கள் முகம் சுளித்தார்களே, அது நினைவு இல்லையா?' துணி அதே பச்சை, கண் அதே கண், பெயர் அதே பெயர். கை மட்டும் மாறியது. உடனே கண்டுபிடித்தார்கள். நண்பரே, உங்கள் கேள்விக்காக எங்கள் அணி உங்களுக்கு நன்றி சொல்கிறது.

பழைய பொம்மை என்று உருகுகிறீர்களே, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் வருஷங்கள் போகப் போகக் காற்றும் வெளிச்சமும் பட்டுத் தூளாக உதிரும். திரும்பத் திரும்பப் புதிதாகச் செய்துகொண்டே இருப்பார்கள். நீங்கள் பார்த்து வளர்ந்தது ஒரே பொம்மையே இல்லை.

நினைவு மட்டும் போதும் என்றால் 2015-இல் ஏபிசி சேனலில் வந்த புதுத் தொடர் ஓடியிருக்க வேண்டும். அதே பாத்திரங்கள்தான். ஒரே சீசன், 16 அத்தியாயத்தோடு நின்றது. 'அங்கேயும் நல்ல கைகள்தானே?' என்பீர்கள். உண்மை. ஆனால் ஆவணப்படம் போலப் பொம்மைகளை உட்கார வைத்துக் கேமராவிடம் பேச வைத்தார்கள். என் கணக்கில் அந்தக் கைகளுக்கு வேலையே கொடுக்கவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். நடுவர் அவர்களே, பேச்சு நடுவில் காதுக்கு மேலே இருந்த உங்கள் கை இப்போது மேஜையில் கிடக்கிறது. திரையில் அது பொம்மையாக இருந்திருந்தால், ரெண்டு நிமிஷத்துக்கு முன்பே கழுத்தளவு தண்ணீரில் மூழ்கியது போலத் தெரிந்திருக்கும். வணக்கம்.